படுக்கையறையில் பட்டாணி

டேனிஷ் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஸ்டென்விக் ஊரில் சிவப்பு விளக்கு எரிந்தால் நின்றுவிடுவோம். சாலையில் வண்டி வருகிறதா இல்லையா என்பது வேறு விஷயம். ஒருமுறை துறைமுக முக்கில் விளக்கு பழுதாகிச் சிவப்பிலேயே நின்றுவிட்டது. இந்தப் பக்கம் நின்றவர்களும் அந்தப் பக்கம் நின்றவர்களும் மழையில் நனைந்துகொண்டே ஒருவருக்கொருவர் பழகி, அதில் ஒரு கல்யாணமே நடந்தது. நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் அந்தத் தம்பதியையே கேட்கலாம். இப்போது விவாகரத்து ஆகிவிட்டது, ஆனாலும் நன்றாகப் பேசுவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் டவுன் பஸ் ஓட்டுகிறவள் டாக்னி. விளக்கு பச்சையாகும் வரை நிற்பது மட்டுமல்ல, பச்சையான பிறகும் விளக்குக்கு நன்றி சொல்வதுபோல் ஒரு கணம் தாமதித்துத்தான் வண்டியை எடுப்பாள். அவளுடைய மனைவி விபெக்கா துறைமுகத்துப் புகைமீன் கூடத்தில் ஹெர்ரிங் மீனைக் கம்பியில் கோர்க்கிறவள். கோபம் வந்தால் மீனைக் கோர்க்கும் அதே வேகத்தில் மனிதர்களையும் கோர்த்துவிடுவாள்.

இருவருக்கும் ஒரு குழந்தை வேண்டும். முந்தின ஆண்டு விந்து வங்கியிலிருந்து வரவழைத்து வீட்டிலேயே ஒருமுறை முயன்றார்கள். கரு நிற்கவில்லை. டாக்னிக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்த கொடையாளியின் இருப்பும் வங்கியில் தீர்ந்துபோய், கடைசியாக இரண்டே குழல்கள் மிச்சம். இதோடு பார்ப்பது, இல்லையென்றால் நாய் வளர்ப்பது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிலயே போய்ப் பண்ணிக்கலாமே?" என்று டாக்னி கேட்டதுண்டு.

"அங்க யாரோ ஒரு டாக்டர் பண்ணுவாரு. நான் வெளிய உக்காந்து பழைய பத்திரிகை படிச்சுக்கிட்டு இருக்கணும்," என்றாள் விபெக்கா. "யோசிச்சுப் பாரு. முட்டை உன்னுது. இன்னொன்னு எவனோ ஒருத்தனுது. இதுல எனக்குன்னு இருக்கறது ஒரே ஒரு வேலைதான். அந்த சிரிஞ்ச நான்தான் அழுத்தணும். என் கையால நடந்ததுன்னு இருக்கணும்."

டாக்னி வங்கிக்கு ஆர்டர் எழுத உட்கார்ந்தாள். அவள் ஒத்துக்கொண்டால் பேசமாட்டாள்.

குழல்கள் வந்தன. நைட்ரஜன் ஊற்றிய, பால் கேன் போன்ற ஒரு கலத்துக்குள் குளிரில் உறைந்து வந்தன. கூடவே அரைப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு. கொடையாளிக்கு நோய்த்தொற்று எதுவும் இல்லை என்று சோதித்தாகிவிட்டது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. கையுறை போட்டுக்கொண்டு குழலை எடு, அந்தக் குளிர் வெறும் கையைப் பொசுக்கிவிடும். சாதாரண அறைச் சூட்டில் உருகவிடு. அடுப்பருகே வைக்காதே, வெந்நீரில் போடாதே. கூட வந்திருக்கும் ஊசியில்லாத புது சிரிஞ்சைத் தவிர வீட்டில் கிடைக்கும் வேறு எதையும் பயன்படுத்தாதே. மெதுவாக அழுத்து. கருப்பைக்கு உள்ளே எதையும் நுழைக்காதே, அது டாக்டர் வேலை. பிறகு கொஞ்ச நேரம் படுத்திரு. அவ்வளவுதான். புது மிக்ஸி வாங்கினால் இதைவிட நீளமான குறிப்பு வரும்.

கலத்தின் குளிர் ஒரு வாரம் தாங்கும். அதற்குள் டாக்னியின் முட்டை வெளியாகும் நாள் வந்துவிடும். சோதனைக் குச்சியில் இரண்டாவது கோடு தெளிவாக விழ வேண்டும், விழுந்த அன்றே சிரிஞ்சை அழுத்திவிட்டால் வேலை முடிந்தது. இதில் தப்பு நடக்க இடமே இல்லை. அதனால்தான் எங்கள் நகராட்சி உள்ளே வந்தது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழில் வித்துக்கும் விந்துக்கும் நடுவே ஓர் எழுத்தாவது மாறுகிறது. எங்கள் டேனிஷ் மொழி அந்தச் செலவையும் மிச்சம் பிடித்துவிட்டது. வயலில் தூவுவதும் 'ஸேத்'. வங்கியில் உறைய வைப்பதும் 'ஸேத்'. எந்த ஸேத் என்பதைப் பேசுகிறவரின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். ஆனால் எங்கள் நகராட்சிக் கணினிக்கு முகம் கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் பார்லியில் பூஞ்சை வந்தபோது, ஊர் எல்லைக்குள் வரும் ஸேத் எல்லாவற்றையும் விதைத் துறை பரிசோதித்து அனுமதிக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டார்கள். பூஞ்சை போய்விட்டது. விதிக்கு எந்த மருந்தும் அடிக்கவில்லை.

கலத்தின் சீட்டில் 'ஸேத்' என்று கண்டதும் கணினி விதைத் துறைக்குத் தகவல் அனுப்பிவிட்டது. கலம் வந்த மறுநாள் துறைத் தலைவர் ஃப்ளெமிங் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் இலவங்கப்பட்டை ரொட்டிப் பை. எங்கள் நாட்டில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லி, நீ போட்டுத்தான் பேசுவோம், அமைச்சரானாலும் அப்படித்தான். ஒன்றை மறுக்க வருகிற அதிகாரியும் தோளில் கை போட்டு, ரொட்டி கொடுத்து, அப்புறம்தான் மறுப்பார். அடி விழுந்தது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும்.

"டாக்னி, உன் வீட்டுக்கு ஸேத் வந்திருக்கு," என்றார் ஃப்ளெமிங், செருப்பை வாசலில் கழற்றியபடி. "ரொம்ப சந்தோஷம். எத்தனை ஹெக்டேர்ல போடப் போற?"

டாக்னிக்குப் புரியவில்லை. ஆனால் கேள்வி என்று வந்துவிட்டால் பதில் சொல்வது அவள் பழக்கம். "ஹெக்டேர்லாம் இல்ல... படுக்கைதான். ரெண்டு பேர் படுக்கிற அளவு."

"சிறு நிலம்," என்று ஃப்ளெமிங் குறித்துக்கொண்டார். "சிறு விவசாயிகளத்தான் எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

விபெக்கா சமையலறையிலிருந்து வந்தாள். "ஃப்ளெமிங், இது அந்த ஸேத் இல்ல. மனுஷன் ஸேத். குழந்தை பெத்துக்கறதுக்கு."

ஃப்ளெமிங் கொஞ்சம் சிவந்தார். ரொட்டியை ஒரு கடி கடித்து மென்று முடித்தார். "புரியுது விபெக்கா. தனிப்பட்ட முறையில எனக்கு நல்லாவே புரியுது. ஆனா இது விதைத் துறைக்கு வந்திருக்கு. வந்தத வரலன்னு சொல்லணும்னா, அது தப்பா வந்துருச்சுன்னு துறையில எல்லாரும் ஒத்துக்கணும். நாங்க எதையும் ஓட்டுப் போட்டு முடிவு பண்றதில்ல. ஒருமனதாத்தான் பண்ணுவோம். இதுவரைக்கும் எங்க துறையில தப்புன்னு ஒன்னு நடந்ததே இல்ல தெரியுமா?"

"எப்படி?"

"தப்புன்னு யாரும் ஒத்துக்கிட்டதில்ல."

அவர் பையிலிருந்து மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் முத்திரை ஒன்றை எடுத்துக் கலத்தின் கழுத்தில் கட்டினார். 'அனுமதி வரும்வரை விதைக்கக் கூடாது' என்று அதில் அச்சிட்டிருந்தது. பக்கத்தில் ஒரு கோதுமைக் கதிர் படமும் இருந்தது.

"ஒரு வாரந்தான் இந்தக் குளிர் தாங்கும்," என்றாள் டாக்னி மெல்ல.

"ஒரு வாரமா? கவலையே படாத. நாங்க ரொம்ப வேகம்," என்றார் ஃப்ளெமிங். "போன வருஷ மனுவையெல்லாம் இந்த வருஷமே எடுத்துட்டோம்."

மறுநாள் விதைப் பரிசோதகர் ப்ரேபன் வந்தார். பெரிய கை, சின்னக் கண்ணாடி. வாழ்நாள் முழுக்கப் பார்லியை உற்றுப் பார்த்துப் பார்த்து, மனிதர்களைப் பார்க்கும்போதும் உமி நீக்கிப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

"பூஞ்சைக்கொல்லி பூசின விதையா?"

"பூசல," என்றாள் விபெக்கா பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்ப இயற்கை விவசாயம். அதுக்குத் தனி முத்திரை வேணும். நிலம் மூணு வருஷமா ரசாயனம் படாம இருந்திருக்கணும்." டாக்னியை மேலும் கீழும் பார்த்தார். "நீ தலைவலி மாத்திரை எதாவது போடுவியா?"

"எப்பவாவது."

ப்ரேபன் வருத்தத்தோடு உச்சுக் கொட்டினார். "அது போகட்டும். முளைப்புச் சோதனைக்கு மாதிரி எடுக்கணும். மூட்டைக்கு ஒரு கைப்பிடி. இங்க மூட்டை இல்ல, குழல்தான். ரெண்டுல ஒன்னு எடுத்துக்கறேன்."

"யோவ்! அதுல கை வெச்ச, நடக்கறதே வேற!" என்று விபெக்கா நடுவில் பாய்ந்தாள்.

"விபெக்கா," என்று டாக்னி அவள் கையைப் பிடித்தாள். "விதின்னா குடுத்துரலாம். இன்னொன்னு இருக்குல்ல? குடுத்தா சீக்கிரம் அனுமதி தருவாங்க."

"உனக்கு என்னடி ஆச்சு? பஸ் ஓட்டி ஓட்டி, யாரு கை காட்டினாலும் நிறுத்திடுவியா?"

ப்ரேபன் முத்திரையைத் தானே அறுத்தார், ஒரு குழலை எடுத்தார், புது முத்திரை ஒன்றைக் கட்டினார். எல்லாம் நேர்த்தியாக, கையுறை போட்டுத்தான் செய்தார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். முளைக்காத விதைய முளைச்சுதுன்னு ஒரு தடவைகூட எழுதினதில்ல. முளைச்ச விதைய முளைக்கலன்னு எழுதியிருக்கேன். அது வேற, அது எச்சரிக்கை."

அந்தக் குழலிலிருந்ததை அவர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய், ஈரமான மையொற்றுத் தாளில் பரப்பி, வெயில் படும் சன்னலோரம் வைத்தார். தினமும் காலையில் பூதக்கண்ணாடியால் பார்த்தார். தண்ணீர் தெளித்தார். மூன்றாம் நாள் முடிவை அறிவித்தார்: வேர் விடவில்லை, இலை விடவில்லை, முளைப்புத் திறன் பூஜ்யம். விவசாயி விரும்பினால் விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கலாம்.

விபெக்கா அந்த முடிவைப் படித்த அன்று புகைமீன் கூடத்தில் யாரும் அவள் பக்கத்தில் நிற்கவில்லை என்று சொல்வார்கள். வீட்டுக்கு வந்து கலத்தின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "டாக்னி, அதுல ஒரு குழந்தை இருந்திருக்கும். அத மையொற்றுத் தாள்ல வெச்சுத் தண்ணி தெளிச்சிருக்கான்," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. டாக்னி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கூந்தலிலிருந்து ஒரு மீன் செதிலை எடுத்தாள்.

அதே வாரத்தில் அக்கம்பக்கத்தார் கருத்துக் கேட்பும் நடந்தது. பக்கத்து நிலத்தில் எதைப் போட்டாலும் சுற்றியிருப்பவர்களைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் ஊர் ஒழுங்கு. பள்ளிக்கூட மண்டபத்தில் மெழுகுவத்தி ஏற்றி, காபியும் கேக்கும் வைத்து, முதலில் வழக்கம்போல் எல்லாரும் சேர்ந்து வசந்தத்தைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினோம். நானும் போயிருந்தேன். கேக் ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்டது, பரவாயில்லை.

எதிர்வீட்டு யெப்பே எழுந்தார். "எனக்கு யார் மேலயும் வருத்தம் இல்ல. ஒரே ஒரு கேள்வி. எவ்வளவு உயரம் வளரும்?"

"கொடையாளி நல்ல உயரம்," என்றாள் விபெக்கா. "ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி."

யெப்பே முகம் வாடிவிட்டது. "என் மாடியில இருந்து இப்பவே கடல் கொஞ்சூண்டுதான் தெரியுது."

"அது படுத்துக்கிட்டா தெரியும் யெப்பே. நிக்கிறப்பல்லாம் நான் உனக்குப் போன் பண்றேன்."

யெப்பே அதை ஒரு நியாயமான சமரசமாக ஏற்றுக்கொண்டு உட்கார்ந்தார். வேறொருவர் பறவைகள் வந்து கொத்துமா என்று கேட்டார். இன்னொருவர் அறுவடை சமயத்தில் சத்தம் இருக்குமா என்றார். "இருக்கும்," என்றாள் விபெக்கா. "அறுவடைக்கு அப்புறமும் ஒரு ரெண்டு வருஷம் இருக்கும்."

இவ்வளவும் தாண்டி அனுமதி வந்துவிடும் என்றுதான் டாக்னி நம்பினாள். அவள் நம்பிக்கை பச்சை விளக்கைப் போன்றது. கண்ணுக்குத் தெரியாதபோதும் எங்கோ வந்துகொண்டிருக்கும். ஆனால் போன ஆண்டு யாரும் பிரிக்காமல் விட்ட பதிவுகளை ப்ரேபன் இப்போது பார்த்துவிட்டார்.

"போன வருஷமும் இதே நிலத்துல இதே ஸேத் போட்டிருக்கீங்களே?" என்றார் தொலைபேசியில்.

"ஆமா. நிக்கல," என்றாள் டாக்னி.

"நிக்காது. ஒரே மண்ணுல அடுத்தடுத்த வருஷம் ஒரே பயிர் போட்டா மண்ணு என்னத்துக்கு ஆகும்? பயிர் சுழற்சின்னு ஒன்னு இருக்கு டாக்னி. இந்த வருஷம் பட்டாணி போடு. மண்ணுக்கு நல்லது. அடுத்த வருஷம் இதைப் பாப்போம்."

"பட்டாணியா?"

"அவரைகூடப் போடலாம்."

டாக்னி தொலைபேசியை வைத்தாள். விபெக்கா கேட்டபோது, "பட்டாணி போடச் சொல்றாங்க," என்றாள்.

"எங்க?"

"எனக்குள்ள."

விபெக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். அது எங்கே போய் முடியும் என்று தெரியாத சிரிப்பு. கடைசியில் அது அழுகையில் போய் முடிந்தது.

மறுநாள் காலை குச்சியில் இரண்டாவது கோடு விழுந்தது. கலத்தின் குளிரும் அன்றோடு சரி.

அன்று பார்த்து விதைத் துறை நேரில் வந்தது. ஃப்ளெமிங்குக்குக் குற்ற உணர்ச்சி. எங்கள் ஊர் அதிகாரிகளுக்குக் குற்ற உணர்ச்சி வந்தால் கூட்டம் போடுவார்கள். கூட்டத்தை விவசாயி வீட்டிலேயே வைத்தால் மனசுக்கு நெருக்கமாக இருக்கும் என்று முடிவு செய்து, ப்ரேபனையும் மேயரம்மாவையும் அழைத்துக்கொண்டு, இரண்டு தட்டு ரொட்டியோடும் ஒரு பெட்டி மெழுகுவத்தியோடும் வந்து இறங்கினார். வீட்டுக்குள் ஸேத் விதைப்பதில் பாதுகாப்புக் குறித்த ஆலோசனை என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். அக்கம்பக்கத்தார் பார்வையாளர்கள். கேக் இருக்கும் என்றதால் பார்வை அதிகமாகவே இருந்தது.

மேயரம்மா ஆரம்பித்தார். "நண்பர்களே, பாதுகாப்புதான் முதல்ல. டாக்னியும் விபெக்காவும் நல்லா இருக்கணும்னுதான் நாம எல்லாரும் இங்க இருக்கோம். அவங்க விதைக்காம இருக்கற ஒவ்வொரு நாளும் அவங்களுக்கு எந்த ஆபத்தும் வரல. இது நம்ம நகராட்சியோட சாதனை."

கை தட்டினோம்.

ஃப்ளெமிங் பாதுகாப்பு விதிகளை வாசித்தார். விதைப்பவர் பளபளக்கும் மஞ்சள் மேலங்கி போட வேண்டும், இல்லையென்றால் டிராக்டர் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. காற்று வீசும்போது விதைக்கக் கூடாது. நீர்நிலைக்கும் நிலத்துக்கும் நடுவே இடைவெளிப் பட்டை விட வேண்டும்.

"குளியலறை எங்க இருக்கு?" என்றார் ப்ரேபன்.

"படுக்கையறைய ஒட்டித்தான்," என்றாள் டாக்னி.

"அப்ப கஷ்டம். நடுவுல புல் பட்டை விடணும்."

"தரை விரிப்பு போட்டா போதுமா?" என்று யெப்பே உதவிக்கு வந்தார். பச்சை நிறமாக இருந்தால் போதுமா, வேர் விடும் வகையாக இருக்க வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. ஒருமனதாக முடிவெடுக்க வேண்டியிருந்ததால், ஒருமனம் வரும்வரை பாட்டுப் பாடலாம் என்றார் மேயரம்மா. எல்லாருக்கும் தெரிந்த பாட்டாக, நிறைய சரணங்கள் உள்ளதாக, அறுவடை பற்றிய ஒரு பழைய பாட்டைத் தேர்ந்தெடுத்தோம்.

இரண்டாம் சரணத்தில்தான் நான் கவனித்தேன். டாக்னி பாடவில்லை. வரவேற்பறை மூலையில் இருந்த கலத்தையும், அதன் கழுத்தில் இருந்த மஞ்சள் முத்திரையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெற்றுச் சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவள் எப்படி நிற்பாளோ, அப்படி நின்றாள். பிறகு விபெக்காவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வா," என்றாள்.

"எங்க?"

"வாடி. தூக்கு."

விபெக்கா அவளை ஒருமுறை பார்த்தாள். இருவரும் ஆளுக்கொரு கைப்பிடி பிடித்துக் கலத்தைத் தூக்கிக்கொண்டு, பாடிக்கொண்டிருந்த எங்கள் நடுவே "கொஞ்சம் வழி, கொஞ்சம் வழி" என்று சொல்லியபடி படுக்கையறைக்குள் போனார்கள். ப்ரேபன் தம் காலை நகர்த்தி வழி விட்டார். பாட்டின் நடுவில் கேள்வி கேட்பது எங்கள் ஊரில் பண்பல்ல.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே நடந்ததை விபெக்கா பின்னால் சொல்லித்தான் தெரியும். முத்திரையை அறுத்தது டாக்னி. அறுத்துவிட்டு, பஸ்ஸை யார் மீதோ ஏற்றிவிட்டவள்போல் வெளுத்து உட்கார்ந்துவிட்டாளாம். விபெக்கா சன்னலைத் திறந்து வைத்தாள். ப்ரேபன் வரவேற்பறை மேசையில் வைத்திருந்த கையுறைகளில் ஒரு ஜோடியை வரும்போதே எடுத்து வந்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு குழலை எடுத்து, துடைத்த தட்டின் மேல் உருக வைத்தாள். அது உருகுவதற்குள் கையை இரண்டு முறை கழுவினாள். மீன் வாடை போகவில்லையோ என்ற பயத்தில் மூன்றாம் முறையும் கழுவினாள். புது சிரிஞ்சின் உறையைப் பிரித்தாள். காற்றுக் குமிழியை வெளியேற்றினாள்.

"இப்ப அழுத்தவா?" என்றாளாம்.

"மெதுவா," என்றாளாம் டாக்னி. "அவசரமே இல்ல. வெளிய இன்னும் நிறைய சரணம் பாக்கி இருக்கு."

விபெக்கா அழுத்தினாள். மெதுவாக, அரைப் பக்கக் குறிப்பில் சொன்னபடி. பிறகு டாக்னி முழங்காலை மடித்துப் படுத்துக்கொள்ள, விபெக்கா பக்கத்தில் படுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே ஊரே சேர்ந்து அறுவடைப் பாட்டின் கடைசிச் சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தது. சுருதி மட்டும் கொஞ்சம் பிசகியிருந்தது.

அவர்கள் வெளியே வந்தபோது எங்களுக்கும் ஒருமனம் வந்திருந்தது. விரிப்பு பற்றி ஆராய ஒரு துணைக் குழு அமைப்பது, இலையுதிர் காலம் வரை விதைப்பை ஒத்திவைப்பது, அதுவரை நிலத்துக்குப் பட்டாணி பரிந்துரைப்பது.

"வருத்தமா டாக்னி?" என்றார் ஃப்ளெமிங், உண்மையான அன்போடு.

"இல்ல," என்றாள் டாக்னி. "காபி இருக்கா?"

குழந்தை குளிர்காலத்தில் பிறந்தது. பெண். ஸிக்னே என்று பெயர் வைத்தார்கள். வாசலில் கொடி ஏற்றி, பெயர் சூட்டும் நாளில் எல்லாரையும் அழைத்தார்கள். யெப்பே குழந்தையைப் பார்த்ததும் முதலில் நீளத்தை விசாரித்தார்.

விதைத் துறைக்குத்தான் பெரிய சங்கடம். அனுமதி இல்லை, விதைப்பு இல்லை, ஆனால் விளைச்சல் கையைக் காலை உதறிக்கொண்டு கிடக்கிறது. மாதக்கணக்கில் கூடிப் பேசியிருக்கிறார்கள். பெயர் சூட்டும் விழாவுக்கு ஃப்ளெமிங் மலர்ச்சியோடு வந்தார். காபிக் கோப்பையில் கரண்டியால் தட்டி எழுந்து நின்றார்.

"நண்பர்களே, ஒரு நல்ல செய்தி. நம்ம துறையோட வரலாற்றுல முதல் தடவையா ஒரு விஷயத்துல பாட்டுப் பாடாமலே எல்லாரும் ஒத்துப் போயிருக்கோம். அறுவடை முடிஞ்ச வயல்ல சிந்தின மணி தானா முளைக்கும் பாருங்க, யாரும் விதைக்காமலே? அதுக்கு அனுமதி தேவையில்ல. ஸிக்னே அந்த வகை. அவ தானா முளைச்சவ. யாரும் எந்த விதியும் மீறல. யாரும் எதுவும் பண்ணல. எல்லாருக்கும் வாழ்த்துகள்!"

மேயரம்மாவின் கண்ணில் நீர் தளும்பியது. "ஒரு வருஷம் பாடுபட்டு, ஒன்னுமே நடக்கலங்கற முடிவுக்கு வந்திருக்கோம். இதுதான் நல்ல நிர்வாகம்."

எல்லாரும் கேக் தட்டுப் பக்கம் நகர்ந்தோம். டாக்னி பெருமூச்சு விட்டாள். அவளுக்கு இது போதும்; எந்தக் குழப்பமும் இல்லாமல் முடிந்துவிட்டது. ஆனால் விபெக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள்.

"தானா முளைக்கல," என்றாள்.

"விபெக்கா, விடேன்," என்றாள் டாக்னி.

"என்னத்த விடறது? யாரும் எதுவும் பண்ணலங்கறான். நான் பண்ணேன். ஃப்ளெமிங், கேட்டுக்க. நான்தான் விதைச்சேன். நீங்க எல்லாரும் பாடிக்கிட்டு இருந்தப்ப, அந்தக் கதவுக்குப் பின்னாடி. மூணு தடவை கை கழுவிட்டு விதைச்சேன்."

எங்கள் ஊரில் ஒருவர் உரக்க உண்மை பேசினால், யாராவது ஏதாவது செய்யும்வரை எல்லாரும் காலணியைப் பார்ப்போம். அன்று செருப்பை வாசலில் விட்டிருந்ததால் காலுறையைப் பார்த்தோம்.

ஃப்ளெமிங் தடுமாறினார். "அப்படிச் சொல்லாத. இப்பதான் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. நீ விதைச்சன்னு சொன்னா அது முத்திரைய மீறினது ஆயிடும். அத்துமீறின விதைப்பு."

"ஆமா. அத்துமீறித்தான்."

"முத்திரைய அறுத்தது நான்," என்றாள் டாக்னி திடீரென்று. முகம் சிவந்திருந்தது. அவள் வாழ்க்கையில் செய்த ஒரே குற்றத்தை ஊர் நடுவே சொல்ல அவளுக்குப் பிடித்திருந்தது என்று எனக்குப் பட்டது. "ஆனா விதைச்சது அவதான். நான் பாத்தேன். எனக்குத்தான் நல்லாத் தெரியும்."

"தண்டனை உண்டு," என்றார் ப்ரேபன் வருத்தமாக. "அந்த நிலத்துல மூணு வருஷத்துக்கு எதுவும் விதைக்க முடியாது."

"இவ எங்கள மூணு வருஷத்துக்குத் தூங்க விட்டாத்தானே இன்னொன்னு விதைக்கறதுக்கு," என்றாள் விபெக்கா.

ஃப்ளெமிங் பையைத் திறந்து குற்றப் பதிவுத் தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார். குரல் இறங்கியிருந்தது. "விதைத்தவர் பெயர்?"

விபெக்கா குழந்தையை மடியில் இறக்கிக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். தன் பெயரை எழுத்து எழுத்தாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் எழுதுவதைத் தலைகீழாகப் பார்த்து ஓரிடத்தில் விரல் வைத்தாள். "அந்த எழுத்து சரியா விழல. இன்னொரு தடவை எழுது."

அவர் எழுதினார்.

"விளைச்சல்?"

"ஸிக்னே."

"வருத்தம் தெரிவிக்கிறியா?"

"இல்ல."

"அதையும் எழுதணும்."

"பெருசா எழுது," என்றாள்.

அந்த மை காயும்வரை யாரும் கேக்கைத் தொடவில்லை. எங்கள் ஊரில் ஒருவருக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை அதுதான்.